பிரசவ வண்டியின் ஸ்ட்ரெச்சர் எங்கே?

அனுப்புநர்:
கட்டிட மேஸ்திரி (நிறைமாதக் கர்ப்பிணியின் தாய்மாமன்),
சந்தின் கடைசி வீடு.

பெறுநர்:
உயர்திரு வட்டார சுகாதார அதிகாரி அவர்கள்.

பொருள்: பிரசவ வண்டி வீட்டு வாசலுக்கு வர மறுப்பதும், அதற்குள் ஸ்ட்ரெச்சர் இல்லாததும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

ஐந்தாம் வகுப்பை மூன்று வருடம் ஆழ்ந்து படித்தவன் நான். இந்த வட்டாரத்தில் பாதிக் கட்டிடம் என் கைவேலை. தங்கள் அலுவலகச் சுவரும் என் பூச்சுதான்; விரிசல் விட்ட பக்கம் மட்டும் வேறு ஆள். ஆகவே நான் எழுதுவதைத் தாங்கள் நம்பலாம்.

1. என் தங்கை மகளுக்குக் கால் வீங்கி, இரத்த அழுத்தம் ஏறி நிற்கிறது. வலி கண்டதும் நடக்கவிடாமல், படுக்கவைத்தே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

2. வண்டி ஓட்டுநரைக் கேட்டேன். "சந்து குறுகல் மேஸ்திரி, வண்டி நுழையாது. சந்து முனைத் தண்ணித் தொட்டி வரைக்கும் நடத்திக் கூட்டிட்டு வந்துடுங்க" என்றார். அளந்தேன், யானையே குட்டியோடு போகலாம். உடனே, "மேல கரண்ட் வயர் தொங்குது" என்றார். லைன்மேன் என் ஒரு சொல்லுக்கு ஓடிவருகிறவர். வயரை இழுத்துக் கட்டவைத்தேன். பிறகு, "ரிவர்ஸ் கியர் விழல" என்றார். அன்று மாலையே அதே வண்டி டீக்கடை வாசலில் பின்பக்கமாகவே வந்து நின்றது. சாக்கு மாறிக்கொண்டே போனால் சந்தேகம் வராதா ஐயா?

3. பக்கத்து வீட்டு மருமகளை அந்த வண்டியில்தான் கொண்டுபோனார்கள். மாமியாரை முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். தன்னை வெறும் தரையில் கிடத்தியதாகவும், பள்ளத்துக்குப் பள்ளம் உருண்டதாகவும் அவள் திரும்பிவந்து சொன்னாள். "வலியில உளறுது" என்று ஓட்டுநர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

4. பிறகு ஒருவர் என் காதில், "அண்ணே, வண்டிக்குள்ள ஸ்ட்ரெச்சரே இல்ல. வாசலுக்கு வந்தா எல்லாரும் பாத்துடுவாங்கல்ல? நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றார். அவர் யாரென்று தலையே போனாலும் சொல்லமாட்டேன். வண்டியில் கூடவே போகும் செவிலியரம்மாவை இதில் இழுக்க வேண்டாம்.

5. இதைப் பற்றி நான் ஏற்கெனவே கொடுத்த மனு என்ன ஆனது என்று கேட்க இன்று தங்கள் அலுவலகம் வந்தேன். சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் பின்னறைக்குள் போனேன். வேவு பார்க்க அல்ல. அங்கே சக்கரத்தோடு நிற்கிறது ஸ்ட்ரெச்சர். அதன்மேல் ஆளுயரத்துக்குக் காகிதக் கட்டுகள். சரிந்துவிடாமல் இருக்க பெல்ட்டும் மாட்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, பிரிக்கப்படாமல், என் மனு.

தங்கள்மீது எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அதை உள்ளே தள்ளிவந்தது யார், தாங்கள் அந்த அறைப்பக்கம் போனதே இல்லையா என்பதில்தான் சந்தேகம்.

ஐயா, காகிதம் தரையில் கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது. இறக்கிவைக்க ஆளில்லை என்றால் நானே இறக்குகிறேன். பிள்ளைக்கு வலி எடுப்பதற்குள் ஸ்ட்ரெச்சரை வண்டியில் ஏற்றி, வண்டியை எங்கள் வாசலில் நிறுத்த உத்தரவிடுங்கள். இந்த மனுவையும் அதன்மேல் வைத்துவிடாதீர்கள்.

இடம்: தங்கள் அலுவலக வாசற்படி (இதுவும் என் வேலைதான்)
நாள்: வியாழக்கிழமை

பதில் கிடைக்காமல் எழுந்திருக்கப் போவதில்லாத,
மேஸ்திரி