திரைக்குப் பின்பக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு, கனடாவிலிருந்து கவியா. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முட்டி வலி தேவலையா?

இங்கே காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திடலுக்கு நடந்தே போனேன். நம்மூர்த் திருவிழாவில் படம் போடும்போது, "பின்னாடிதாம்மா கூட்டம் கம்மி"ன்னு துணித்திரைக்குப் பின்னால் உட்காரவைப்பீர்களே, அந்த நினைப்பில் பின்பக்கம் போய்விட்டேன். அங்கே இரும்புச் சுவர்தான் இருந்தது! காவலாளி விழுந்து விழுந்து சிரித்தார். முன்னால் வந்தால் படம் தெரிந்தது, சத்தம் இல்லை. அது கார் ரேடியோவில்தான் கேட்குமாம்.

மல்லாட்டைச் செடி பிடுங்கக் கொல்லைக்குப் போகும்போது எடுத்துப்போவீர்களே, அந்தச் சின்ன ரேடியோவை அனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கும், ஆனால் எனக்கு அதுதான் வேண்டும். அறையில் பேச்சுத்துணைக்கும் ஆகும்.

லைசென்ஸ் எடுத்தே தீருவேன். அடுத்த கோடையில் என் காரில் முன்சீட் உங்களுக்குத்தான். வேலைக்கு நேரமாகிவிட்டது.

வந்த இடத்தில் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடாதீர்கள்.

உங்கள் கவியா