இரண்டாவது டயோடு

அன்னவாசல்,
சனிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

பிரகதி எழுதுவது. நானும் நம் பாப்பாவும் நலம். பெங்களூர்க் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். நான் பேச்செடுத்தாலே மீட்டிங் இருக்கிறது என்கிறீர்கள். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாதல்லவா?

பம்பு செட்டுகளுக்காக நம் பட்டறையில் செய்யும் கிளாம்ப் போர்டைப் போலவே ஒன்றை உங்கள் கம்பெனி விற்கிறது, நம் வடிவமைப்பை வெளியே கொடுத்தது என் தம்பி திருப்பதிதான் என்றீர்கள். “அவன் பட்டறைய விட்டுப் போற வரைக்கும் நான் ஊருக்கு வர மாட்டேன்” என்றும் சொல்லிவிட்டீர்கள். அது அவன் காதிலும் விழுந்துவிட்டது. நம் வீட்டில் இப்போது அவன் சாப்பிடுவதில்லை. திருச்சிக்குப் பஸ் ஏறி வேலை தேடுகிறான். நானும் அவனைச் சந்தேகப்பட்டேன், மச்சான். அவன் குளிக்கப் போன நேரத்தில் பையைத் துழாவினேன். ஒன்றும் இல்லை.

போன வாரம் கீரனூர் பம்பு மெக்கானிக் பெரியகருப்பன் கருகிய போர்டு ஒன்றைக் கொண்டுவந்தார். உங்கள் கம்பெனியுடையது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சென்சாரிலிருந்து எவ்வளவு வோல்டேஜ் வந்தாலும் கிளாம்ப் அதை இரண்டரை வோல்டில் பிடித்து நிறுத்த வேண்டும். வெறும் டயோடு போட்டால் வெயில் ஏற ஏற அளவு நழுவுகிறது என்றுதானே நான் ஆப்ஆம்ப் என்கிற பெருக்கி ஐசியை வைத்து வரைந்தேன்? அந்த இரண்டரையை அமைக்கச் சரியான ரெசிஸ்டர் கிடைக்காமல், கையில் இருந்த இரண்டைச் சேர்த்து ஒட்டுப்போட்டேன். நீங்கள்கூடச் சிரித்தீர்கள். பெங்களூரில் கிடைக்காத ரெசிஸ்டரா? அந்தப் போர்டிலும் அதே ஒட்டு.

காப்பிதான். யார் கொடுத்தது? நீங்கள் பெங்களூர் போன பிறகு நம் போர்டில் ஒரு கோளாறைக் கண்டுபிடித்தேன். வோல்டேஜ் சட்டென்று எகிறினால், ஆப்ஆம்ப் சுதாரிப்பதற்குள் அதற்கு அடுத்திருக்கும் கன்ட்ரோல் சிப் கருகிவிடுகிறது. நாம் மெதுவாக ஏற்றிப் பார்த்ததால் அது தெரியவில்லை. அதனால் இரண்டாவதாக ஒரு டயோடு சேர்த்தேன். நேரில் காட்டிப் பெருமையடிக்கலாம் என்று உங்களிடம் சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் திருப்பதி வேலைக்கே வந்தான். அவன் பற்றவைத்த போர்டு எல்லாவற்றிலும் அந்த டயோடு உண்டு. உங்கள் கம்பெனி போர்டில் இல்லை.

அது இல்லாத பழைய போர்டுகளை நாம் விற்கவே இல்லை. எல்லாம் என் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன, ஒன்றைத் தவிர. ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று கிளம்பும்போது எடுத்துப்போனீர்களே, அது இப்போது எங்கே இருக்கிறது? சேர்ந்த சூட்டோடு பதவி உயர்வு கொடுத்தார்கள் என்று பாப்பாவுக்கு லட்டு வாங்கித் தரச் சொன்னீர்கள். எதற்காகக் கொடுத்தார்கள்?

“அய்யனார் கோயில்ல கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்றேன்க்கா” என்கிறான் தம்பி. நான் விடவில்லை. நீங்கள் வந்து அணையுங்கள், மச்சான். நான் நினைப்பது பொய்யானால், ஊர் பார்க்க உங்கள் காலில் விழுகிறேன். எனக்கு அதுதான் வேண்டும்.

வர முடியாது என்றால், அந்த இரண்டாவது டயோடையாவது போடச் சொல்லுங்கள். எங்கே என்று கீழே வரைந்திருக்கிறேன். வாங்குகிற வயற்காட்டுச் சம்சாரிகள் என்ன பாவம் செய்தார்கள்?

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களை நம்பவே ஆசைப்படும்
பிரகதீஸ்வரி