கழட்டாத வளையல்

மாமா,

ஆசுபத்திரியில நானும் அண்ணனும் சொகந்தானுங்க. செவலை கன்னு போட்டுதுங்களா? சீம்பால் காச்சி அத்தைக்கு மொதல்ல குடுங்க.

வயித்துல இருக்கறது கொழந்தை இல்லீங்களாம். சினைப்பையில கட்டியாம். ஒடம்பு பூராவும் கண்ணுக்குத் தெரியாத செல்லுங்க இருக்குதாம். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும், போதும்னா நின்னுக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. என்ற வயித்துல இருக்கறதுக்கு நிக்கத் தெரியலையாம்.

கொழந்தையும் அப்படித்தானுங்களே வளருதுன்னு கேட்டேன். ஆமான்னாங்க, அப்பறம் என்ற மொகத்தையே பாக்கலை. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. இத்தனை வருசம் ஒண்ணுகூடத் தங்காத வயித்துல இது மட்டும் என்னத்துக்கு இப்படி ஓடுது?

நீங்க கை வெச்சுப் பாத்து, உதைக்குதுன்னு சிரிச்சீங்க. அதை நான் இங்க யாருகிட்டயும் சொல்லலை.

முந்தாநேத்து நர்சம்மா, ஆபரேசனுக்கு வளையலைக் கழட்டோணும்னாங்க. வளைகாப்புக்குக் கட்டுச்சோறு ஆக்கி, சனமெல்லாம் கூடிப் போட்ட வளையல், பெத்தெடுத்த பொறவுதான் கழட்டறதுன்னு கையை இழுத்துக்கிட்டேன்.

நேத்து டாக்டரம்மா அண்ணனை வெளிய கூட்டிட்டுப் போய்ப் பேசுனாங்க. திரும்பி வந்த அண்ணன், வெள்ளிக்கெழமை ஊட்டுக்குப் போயரலாங்கறாரு. கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு.

பொறவு நர்சம்மா வந்தாங்க. கழட்டிக்குங்கன்னு நானே கையை நீட்டுனேன். "இனி ஆபரேசன் இல்லை கண்ணு, அது இருக்கட்டும்"னு தடவிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க.

கோவிந்தாபுரத்துல பஸ்சு நிக்கற எடத்துல வண்டி கட்டிக்கிட்டு நில்லுங்க. வளையலோடதான் வர்றேனுங்க.

உங்க ஊட்டுக்காரி