நாணல் பாய், தார், மண்

மாடியில் தார் காய்ச்சுகிறார்கள். மழைக்கு முன் விரிசலை அடைக்க வேண்டுமாம். திலக் நகரில் என் தலைக்கு மேல் இப்போது நல்ல காங்கிரீட் இருக்கிறது. ஆனாலும் அந்த வாடை ஜன்னல் வழியே வந்ததும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். உன்னிடம் பேச வேண்டும் போல் இருக்கிறது, பாவிப் பயலே.

அறுபதுகளில் மாட்டுங்கா லேபர் கேம்பில் நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், ஒரே தகரக் கூரை. மழைக்காலம் முழுக்க ஒழுகும். ஓடோ சிமெண்டோ போட்டால் ‘பக்கா’, அதாவது நிரந்தரக் கட்டடம், ஆகிவிட்டது என்று முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து பிரித்துப் போடுவார்கள். அந்த வருஷம் மழை தொடங்கும் மாதம்தான் உன் மனைவிக்குப் பிள்ளை பெறும் மாதம். நனையாத ஒரு மூலைக்காக நீ அலையாய் அலைந்தாய்.

ஒரு நாள், நீ வேலை பார்த்த பைண்டிங் கடையில் ஓரம் கிழிந்ததென்று கழித்துப் போட்ட ஒரு தாளைக் கொண்டுவந்தாய். பழங்கால நாகரிகங்களின் கூரைகள் அதில் படமாக இருந்தன. எகிப்தில் பேரீச்ச மரக் கட்டை, கிரேக்கத்தில் சுட்ட ஓடு. மெசபடோமியாவில் உத்தரத்தின் மேல் நாணல் பாய், அதன்மேல் தார், அதன்மேல் மண். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவன் நான்தான். வரி வரியாகச் சொன்னேன்.

“ஓடு பக்கா, கல்லு பக்கா. மண்ணை எவன்ல பக்காம்பான்? நாலாயிரம் வருசத்துக் கூரை, பாத்துக்கோ,” என்றாய்.

அந்த ஊரில் மழை எப்படி என்று கேட்டேன். மழை இல்லாமலா கூரை போட்டான் என்று சிரித்தாய். புத்தகத்தின் மற்ற தாள்களைத் தைத்து, அட்டை போட்டு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

தகரத்தைக் கழற்றிவிட்டு, நாணலுக்குப் பதில் மூங்கில் பாய் விரித்தோம். ரோடு போடுகிறவர்களின் டிரம் அடியில் மிஞ்சிய தார். தாராவிக் குயவர்களிடம் வாங்கிய களிமண். முதல் மழைக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை. கேம்பே வந்து அண்ணாந்து பார்த்தது. நீ பெரிய இஞ்சினியர் மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றாய். உன் மகள் காய்ந்த மூலையில்தான் பிறந்தாள்.

பிறகு விடாமல் அடித்தது மழை. மண் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்தது. ஒரு மதியம் உத்தரம் முனகியது. மண்ணை வழித்துத் தள்ள நீ மண்வெட்டியோடு மேலே ஏறினாய். நான் உள்ளே நின்று உத்தரத்தை இரண்டு கையாலும் தாங்கினேன்.

“கையை எடுத்துராதல. அவ பிள்ளையத் தூக்கிட்டு வெளிய போட்டும்,” என்று மேலேயிருந்து சொன்னாய்.

நான் எடுக்கவில்லை. அவர்கள் வெளியே போய்விட்டார்கள். நீ நின்ற பக்கம்தான் சுவரோடு இறங்கியது. கையை விட்டால் மிச்சக் கூரையும் உன் மேல் விழும். ஆட்கள் ஓடிவந்து மண்ணை அள்ளி உன்னை வெளியே எடுக்கும்வரை அப்படியே நின்றேன். இரண்டடி தள்ளிக் கிடந்தாய். என்னால் குனிந்து உன்னைத் தொடக்கூட முடியவில்லை.

வெகுகாலம் கழித்து நூலகத்தில் அந்த மண் கூரைகளைப் பற்றிப் படித்தேன். மெசபடோமியா மழை குறைந்த நாடாம். பெய்த ஒவ்வொரு தடவையும் கூரை மண்ணை மிதித்து இறுக்குவார்களாம். நம் கைக்கு வராத அடுத்த தாளில் இதுதான் இருந்திருக்கும்.

உன் மகள் செம்பூரில் நன்றாக இருக்கிறாள். அப்பா எப்படிப் போனார் என்று கேட்கும்போதெல்லாம், மழையில் என்று மட்டும் சொல்கிறேன். மழை வலுத்தால், இந்தக் காங்கிரீட்டுக்கு அடியிலும் என் இரண்டு கையும் தானாக மேலே போகின்றன. எடுத்துரு என்று நீ இன்னும் சொல்லவில்லையே.