ஏணித் தாளில் ஒன்பதாவது வரி

அம்மா,

இன்று இயற்பியல் புத்தகத்தைப் பிரித்தபோது உன் கம்பெனியில் கொடுத்த தாள் கீழே விழுந்தது. 'மடக்கு ஏணியில் பாதுகாப்பாக வேலை செய்வது எப்படி?' ஓரத்தில் உன் கைபட்ட மஞ்சள் கறை. முகர்ந்து பார்த்தேன். காகித வாசனைதான் வந்தது.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் நீ ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் அதைக் கொடுத்தார்கள். அதிலிருந்து கேட்கும் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால்தான் ஏணி ஏறிக் கண்ணாடி துடைக்கலாம்; இல்லாவிட்டால் வேலை இல்லை. நீ எழுத்துக் கூட்டிப் படிப்பவள். அதனால் நான் படித்தேன். நீ கீரை ஆய்ந்தபடி திருப்பிச் சொன்னாய்.

"நான்கு காலும் சமதளத்தில் நிற்க வேண்டும்."

"நிக்கணும்."

"உச்சிப் படியில் நிற்கக் கூடாது."

"அப்புறம் இன்னாத்துக்குடி அந்தப் படிய வெச்சான்?"

நான் முறைத்தேன். கை எட்டாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். நீ எழுந்து கைகட்டி நின்றாய். "எக்கிப் புடிக்க மாட்டேன் மிஸ். எறங்கி, ஏணிய நவுத்திட்டு ஏறுவேன்." இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

ஒன்பதாவது வரி: 'காய்ச்சலோ தலைச்சுற்றலோ இருந்தால் ஏறக் கூடாது. சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும்.'

"சொன்னா, வூட்லயே இருந்துக்கோன்னுவான். அத்த வுடு, அடுத்தத படி."

எனக்கும் நூலகப் புத்தகம் பாதியில் இருந்தது. பத்தாவது வரிக்குப் போய்விட்டேன்.

நீ தேறினாய். மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. "அப்பாகிட்ட சொல்லாத பாப்பா, லீவு போடச் சொல்வாரு" என்றாய். நான்கு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினாய். அந்த நான்கு நாளும் ஏணியில் ஒரு தப்பும் செய்யவில்லை என்று உன்னோடு வேலை பார்த்த அக்கா பிறகு சொன்னார்.

ஐந்தாம் நாள் உன்னால் எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், ஏன் முன்னாலேயே கூட்டி வரவில்லை என்று. "காய்ச்சல்னே எனக்குத் தெரியாது சார்" என்றார் அப்பா. நான் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இரண்டு நாளில் நீ போய்விட்டாய்.

இப்போது அப்பா நைட் ஷிப்டு முடிந்து காலையில் வந்ததும் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

"இன்னா பாப்பா, தெனமும் தொட்டுப் பாக்குற?"

"சும்மாதான்பா."

அவர் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார். நான் சத்தமில்லாமல் பாத்திரம் கழுவி, பள்ளிக்குக் கிளம்புவேன். எனக்கு முன்பே தெரியும் என்பதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை அம்மா. சொல்லிவிடலாமா என்று கேட்க எனக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை.