வெந்நீர்க் குளத்தில் நல்லெண்ணெய்

சிவமயம்

மோர்னிங்சைட், ஸ்காபரோ
19.10.1996

அன்புள்ள மகள் நிலாணிக்கு,

நானும் அம்மாவும் முருகன் புண்ணியத்தில் நடமாடித் திரிகிறோம், உன்னையும் அவன் அப்படியே வைத்திருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் அம்மா கேட்கிறா. என் முழங்கால் மட்டும் போகும்போது இருந்ததைவிட மோசம், அதற்கு உன்னுடைய ஜேர்மனிதான் பொறுப்பு. றொய்சனைக் கட்டலாமோ வேண்டாமோ, அப்பா ஒரு சொல்லுச் சொல்லட்டும் என்று நான் இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து டெலிபோனில் அம்மாவை அரிக்கிறாயாம். சொல்லத்தான் போகிறேன். அதற்கு முதல், நீயும் அவனுமாக என்னை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிய அந்தக் கண்டறியாத ஊரைப் பற்றி எழுதாவிட்டால் எனக்குச் சோறு செமிக்காது. பக்கத்து அப்பாட்மென்ற் அருள்நாயகம் அண்ணை வேறு, "ஐரோப்பா எப்பிடி, சொர்க்கம்தானே" என்று லிஃப்டுக்குள் வைத்துக் கேட்கிறார். சொர்க்கமாம், நல்ல சொர்க்கம்.

நிலத்துக்குள்ளிருந்து சூடாக ஊறுகிற, அழுகின முட்டை மணக்கிற தண்ணீரை, கோட்டும் தொப்பியும் போட்ட கிழடுகள் கிளாசில் ஏந்திக்கொண்டு, ஒருத்தன் பக்கத்தில் நின்று வயலின் வாசிக்க, கோயில் தீர்த்தம் மாதிரி உறிஞ்சி உறிஞ்சிக் குடித்து உலாத்துகிறதுகள். நீயும் ஒரு கிளாசை நீட்டி, "குடியுங்கோ அப்பா, வாதத்துக்கு நல்லது" என்றாய். எங்கட பக்கத்தில் கிணறு அப்படி மணந்தால் மாட்டுக்கும் வைக்கமாட்டோம், இறைத்துக் கொட்டிவிட்டுத்தான் மறுவேலை. இங்கே அந்தத் தண்ணீருக்கு ஒரு மண்டபம், மண்டபத்துக்குத் தூண், தூணுக்கு மேலே உடுப்பில்லாத சிலைகள். முற்றத்தில் பூவால் செய்த மணிக்கூடு ஒன்று, அதுவும் பிழையான நேரம் காட்டுது.

குளத்துக் கதைக்கு வருகிறேன். "அப்பா குளத்தைக் கெடுத்துப்போட்டார்" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாயாம். நடந்தது என்ன? அன்று சனிக்கிழமை. சுடுதண்ணியில் நன்றாக முழுகலாம் என்று நீதான் சொன்னாய். சனிக்கிழமை சுடுதண்ணியில் முழுக்கு என்று கேட்ட எந்த ஆம்பிளை எண்ணெய் வைக்காமல் வருவான்? அம்மா பெட்டிக்குள் வைத்துவிட்ட நல்லெண்ணெயை, உடுப்பு மாற்றுகிற அறையில் உச்சந்தலையிலிருந்து முழங்கால் வரை நன்றாக அப்பி, மிச்சத்தைப் போத்தலோடு துவாய்க்குள் சுற்றிக் கரையில் வைத்துவிட்டுத்தான் இறங்கினேன். குளத்தில் இறங்க முதல் வெளியே குளித்துவிட்டு வரவேண்டும் என்று சுவரில் படம் போட்டிருந்ததாம். குளிக்கிறதுக்கு முதல் குளிக்கிற விசர்ச் சனத்தின் படத்தை நான் ஏன் பார்க்கவேண்டும்?

எண்ணெய் மிதந்து பரவத்தான் செய்தது, எண்ணெய் பின்னே என்ன செய்யும்? றப்பர்த் தொப்பி போட்ட ஒரு பொம்பிளை தன் கையை மணந்து பார்த்துவிட்டுக் குழறினாளே, பக்கத்தில் ஷெல் குண்டு விழுந்த மாதிரி! உடனே ஒருத்தன் விசில் ஊதினான், முழுச் சனமும் அடித்துப் பிடித்துக் கரையேறியது. சீ, ஒரு நாளாவது நல்லெண்ணெய் பட்டு அதுகளின் தோல் கொஞ்சம் தேறியிருக்கும், அதற்குக் கொடுத்துவைக்கவில்லை.

அந்த நேரம் உன்னுடைய றொய்சன் என்ன செய்தான்? துவாய்க்குள் கிடந்த போத்தலை எடுத்து மளமளவென்று தன் தலையில் கவிழ்த்துப்போட்டு, கையை உயர்த்திக்கொண்டு விசில்காரனுக்கு முன்னால் போய் நின்றான். தான்தான் எண்ணெய் வைத்தது என்று சொன்னானாம், நீ பிறகு சொல்லித்தான் எனக்கே விளங்கியது. அகதி வழக்கு முடியாதவன், யூனிபோர்ம் கண்டாலே றோட்டு மாறி நடக்கிறவன், அவன்தான் பெயரும் விலாசமும் எழுதக் கொடுத்தான். அத்தனை சனத்துக்கும் முன்னால் விசில்காரன் ஏச ஏசத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் கனேடியப் பாஸ்போட் வைத்திருக்கிற மனிசன், என்னை அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? இதுகூடத் தெரியாத மொக்குப் பெடியன். ஞாயிறு தவறாமல் சேர்ச்சில் பூசை காணப் போகிற வேதக்காரன், பொய் சொல்லக் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

அதோடு என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்களோ? இல்லை, பக்கத்துக் கோட்டைக் கிராமமும் பார்க்கத்தான் வேண்டுமாம். வெறிகாரன் கட்டின மாதிரி ஒன்றில் ஒன்று சாய்ந்து நிற்கிற வீடுகள், முழங்காலைக் கழற்றுகிற கல்லுத் தெரு. கோட்டையில் பெரிய பிரபு இருந்தாராம், அவருடைய கக்கூஸ் மதிலுக்கு வெளியே தொங்குகிறது, அதையும் நின்று படம் எடுக்கிறதுகள். சுவரில் பழைய பீரங்கிக் குண்டு ஒன்று இறுகிப்போய் இருக்கிறது என்று எல்லாரும் வாயைப் பிளக்கிறார்கள். குண்டு பட்ட சுவர் பார்க்க நான் ரொறன்ரோவிலிருந்து பிளேன் ஏறவேண்டுமோ பிள்ளை?

ஏறினதைவிட இறங்கினதுதான் பாடு. நீ கமராவோடு முன்னால் ஓடிவிட்டாய். றொய்சன் ஒவ்வொரு படியிலும் எனக்குக் கீழே நின்று தோளைத் தந்து தந்து இறக்கினான். தலையில் இருந்த எண்ணெய் வழிந்து சேட்டுக் கொலர் ஊறிப்போய்க் கிடந்தது. கேக் கடையில் பக்கத்து மேசைக்காரர் அவன் தலையைப் பார்த்துவிட்டு எழும்பி வேறு மேசைக்குப் போனார்கள். அந்தக் கேக்கும் சவர்க்காரம்தான். "அங்கிள், முழங்கால் நோகுதோ" என்று மட்டும் கேட்டான். குளத்துக் கதையை அவன் எடுக்கவேயில்லை, அன்றும் இல்லை, என்னைப் பிளேன் ஏற்ற வந்த அன்றும் இல்லை. நீதான் எடுத்து எடுத்துச் சிரித்தாய்.

இப்போது கேள். வேதக்காரன், மன்னார்ப் பக்கம், றெஸ்ரோறன்றில் கோப்பை கழுவுகிறான், தலைமயிர் இந்த வயதிலேயே கொட்டுகிறது. நான் உனக்கென்று நினைத்து வைத்திருந்த மாப்பிள்ளை இப்படி இல்லை, இப்பவும் இல்லை. கட்டு. வழக்கு முடியாமல் அவனால் இங்கே வர ஏலாது, அதனால் நான்தான் திரும்ப, இந்த முறை அம்மாவோடு, அந்த நாசமறுந்த நாட்டுக்கு வரவேண்டும், வருகிறோம். சேர்ச்சில் என்ன செய்வதென்றாலும் செய்யுங்கள், வாங்குப் பலகையில் இருந்து பார்க்கிறேன். ஆனால் அன்று காலமை மாப்பிள்ளையின் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து முழுக வார்க்காமல் என் பிள்ளையைக் கொடுக்கமாட்டேன். அது மாப்பிள்ளை வீட்டார் செய்கிற வேலை. அவனுடைய தகப்பனைக் கடல் கொண்டுபோய்விட்டது, தாய் மன்னாரில் முகாமில் கிடக்கிறா, ஜேர்மனியில் அவனுக்கு ஒருத்தரும் இல்லை. பொம்பிளையின் தகப்பன் பாலறுகு வைக்கிற வழக்கம் எங்களில் இல்லை. இல்லாவிட்டால் போகட்டும், நான் வைக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, அந்த முட்டைத் தண்ணீரைத் தப்பித் தவறியும் குடியாதே. முருகன் உங்கள் இரண்டு பேருக்கும் துணை நிற்பான், மாதாவும் நிற்கட்டும். அம்மா பக்கத்தில் இருந்து, "வேதக்காரப் பெடியன், தலையில பால் வைக்க விடுவானோ" என்று கேட்கிறா. என்ர எண்ணெயைத் தன்ர தலையில ஊத்தினவன் விடுவான் எண்டு சொல்லிப்போட்டன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஸ்ரீஸ்கந்தராசா