வெளுத்துப்போன கல்யாண மோதிரம்

எடில்மா,

ஆத்ராத்தோ ஆற்று மீன் குழம்பும் அவித்த வாழைக்காயும் மூடி வைத்திருக்கிறேன். சுட வைத்துச் சாப்பிடு.

கல்யாண மோதிரத்தை விற்றுவிட்டு வெள்ளி மோதிரம் போட்டிருக்கிறாய் என்று நேற்றுக் கத்தினேன். தப்பு என்மேல்தான். அது நம் தங்கம்தான். காலையில் உன் சிவப்பழகு கிரீம் டப்பாவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். "நகையில் படக்கூடாது" என்று போட்டிருக்கிறான். பாதரசம் என்று மட்டும் எழுதவில்லை, திருட்டுப்பயல்! எங்கள் தங்கச் சுரங்கத்தில் பாதரசம் பட்டால் தங்கம் இப்படித்தான் வெளுக்கும். அந்தச் சனியன் கையில் பட்டால் நான் மூன்று தடவை சோப்புப் போடுகிறேன். நீ அதை முகத்தில் அப்பிக்கொண்டு குழந்தையைக் கொஞ்சுகிறாய்.

டப்பாவை ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் காட்ட எடுத்துப்போகிறேன். முகம் கழுவாமல் குழந்தையைத் தூக்காதே. நீயும் சாயங்காலம் அங்கே வந்துவிடு. கற்றாழை வெட்டி வைத்திருக்கிறேன், இனி அதைப் பூசு.

நெப்தலி

நாங்கள் செய்வதுபோல் மோதிரத்தைத் தீயில் காட்டி மஞ்சளாக்கப் பார்க்காதே. புகை விஷம். வெள்ளையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. "உன் பொண்டாட்டி இருட்டுல தெரியவே மாட்டாளேடா" என்று அண்ணன் சொன்னபோது நானும் பல்லைக் காட்டினேன். முதலில் கழுவ வேண்டியது என் வாயைத்தான்.